ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு

(இரண்டாம் ஆண்டு மாணவி, பி.எஸ்ஸி. வேதியியல்)

எங்கள் தெருவில் டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் என்றே பொருள். ஆகையால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக ஓர் அக்காள் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்று வந்தபோது, எதிர்வீட்டு ஆயா முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வாசலில் வந்து நின்றதில் வியப்பில்லை. “நான் அந்த டாக்டர் இல்ல ஆயா” என்று அக்காள் சிரித்தார். “அப்ப நீ எந்த டாக்டரு?” என்று ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்தரை ஆண்டுகள் ஒருவரை ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்து, அதன் முடிவில் அவரை எந்த வேலைக்கு ஆயத்தம் செய்து அனுப்புகிறோம் என்பதே அதன் உட்பொருள். பட்டம் பெறுகிறவர் மட்டுமல்லாமல், பட்டம் தருகிறவர்களும் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று எண்ணுகிறேன்.

ஆய்வுப் பட்டம் பெற்றவர் கல்லூரி ஆசிரியராவார் என்பதுதான் நம்மிடையே உள்ள எண்ணம். நம் பேராசிரியப் பெருமக்களைக் கண்டே அந்த எண்ணம் நமக்கு வந்தது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஆசிரியப் பணியிடங்களைவிடப் பட்டம் பெற்று வருவோர் மிகுதி. அக்காளும் இன்று ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்தில்தான் கற்பிக்கிறார். மருந்து, தடுப்பூசி, நோயறியும் சோதனைப் பொருள், கண்ணுக்குள் வைக்கும் வில்லை, இதயத்தில் பொருத்தும் வால்வு, புண்ணில் கட்டும் துணி என்று எத்தனையோ பொருள்களைச் செய்கின்ற உயிர்மருத்துவத் தொழில் ஒன்று இருக்கின்றதே, அங்கே போகலாமே என்று நான் அறியாமல் கேட்டேன். அக்காள் போயிருக்கிறார். நகருக்கு வெளியே உள்ள ஒரு மருந்து நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு.

நான்கு ஆய்வுக் கட்டுரைகளையும் கோப்பில் வைத்து எடுத்துப் போனாராம். ஒரு மூலிகைச் சாறு புற்றணுக்களை எப்படித் தடுக்கிறது என்பது அவருடைய ஆய்வு. தேர்வாளர்கள் கட்டுரைகளைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். பிறகு கேட்ட கேள்விகள் வேறு. “உங்கள் முறையை உங்களைத் தவிர வேறு யாராவது செய்து பார்த்து இதே எண்ணைப் பெற்றிருக்கிறார்களா?” “ஒரு நாள் சோதனை வழி தவறிப் போனால் அதை எங்கே எழுதினீர்கள்?” “ஐந்து கிராம் செய்தீர்கள். ஐந்து கிலோ செய்யச் சொன்னால் முதலில் எது மாறும்?” அக்காள் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “கேள்வி கஷ்டமில்லடி. இப்படி ஒரு கேள்வி உலகத்துல இருக்குன்னே எனக்கு யாரும் சொல்லல.”

அந்த மூன்று கேள்விகளையும் நான் பல நாள் யோசித்தேன். முதலில் புரிந்தது இரண்டாவது கேள்வி. அதைப் புரியவைத்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர்; என் நைனா.

நைனா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். திருவொற்றியூரில் ஓர் ஆலையில் பாய்லர் பார்க்கிறார். அதற்கென அரசுத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவர். அந்தச் சான்றிதழ்தான் எங்கள் வீட்டுச் சுவரில் முதலில் மாட்டப்பட்ட கண்ணாடிச் சட்டம். மணிக்கு ஒருமுறை நீராவி அழுத்தம், நீர்மட்டம், உள்ளே செல்லும் நீரின் வெப்பநிலை எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதவேண்டும். ஷிப்ட் மாறும்போது வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போகிறவர் போகலாம். எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அதன்மேலேயே திருத்தி எழுதக்கூடாது. ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் இடவேண்டும். பழைய எண் படிக்கத் தெரியவேண்டும். ஏன் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். “நாளைக்கு வெடிச்சா, எப்ப தொடங்குச்சுன்னு அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாங்க” என்றார்.

மருந்துத் தொழிலுக்கு உரிய நல்ல உற்பத்தி நடைமுறை என்பதை நூலகத்தில் படிக்க நேர்ந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்ற விதிகளில் எம் அட்டவணை என்று ஒன்று உண்டு. மருந்து செய்யும் இடம், கருவி, ஆள், பதிவேடு எல்லாம் எப்படி இருக்கவேண்டும் என்பது அதில் இருக்கின்றது. மருந்தாலைகளில் பதிவேடு வைக்கும் முறையும் இதுதான்: ஒரே கோடு, தேதி, கையெழுத்து; செய்த அந்த நேரத்திலேயே எழுத்து. எழுதப்படாதது செய்யப்படாததாகவே கொள்ளப்படும். நைனாவிடம் போய்ச் சொன்னேன். “இதுக்கா அஞ்சு வருஷம் படிக்கணும்?” என்றார். அந்த ஐந்து ஆண்டுகளில் இதைச் சொல்லித் தருவதே இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

நாம் பின்பற்றும் முறையையும் நினைத்துப் பாருங்கள். சோதனையை உதிரித்தாளில் குறித்து, வீட்டில் போய் ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படி எடுக்கிறோம். எல்லோருடைய நோட்டிலும் விடை ஒன்றுபோல் இருக்கும். வாரா விடைகள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் இளங்கலையில் தொடங்கி ஆய்வுப் பட்டம் வரை கூடவே வருகிறது என்கிறார் அக்காள்.

மூன்றாவது கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. ஒரு லிட்டர் குடுவையில் செய்ததை ஆயிரம் லிட்டர் கலனில் செய்தால், நீளமும் அகலமும் உயரமும் பத்து மடங்காகும். கொள்ளளவு ஆயிரம் மடங்கு. வெளிப்பரப்போ நூறு மடங்குதான். வெப்பம் வெளியேறுவது பரப்பு வழியாக. ஆகவே, ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். குடுவையில் சாதுவாக இருந்த வினை கலனில் கொதித்து எழும். பத்துப் பேருக்கு ஆக்குகிற பிரியாணியின் அளவை அப்படியே நூறால் பெருக்கினால் ஆயிரம் பேருக்கு ஆகிவிடாது என்பது எங்கள் தெருக்கோடி பிரியாணி மாஸ்டருக்குத் தெரியும். மணலியிலும் எண்ணூரிலும் கலன்களோடு வாழ்கிறவர்களுக்கும் தெரியும். ஆய்வு மாணவருக்கு அது தெரிய வழி இல்லை. ஏனெனில் அவர் கலனைப் பார்த்ததே இல்லை.

ஆனால் மூன்று கேள்விகளிலும் முதற்கேள்விதான் தாய். என் கையில் வந்தது பிறர் கையிலும் வருமா? ஒரு கண்டுபிடிப்பு ஆய்வாளரின் கையைவிட்டுப் பிறர் கைக்குப் போகும்போதுதான் அது மருந்தாகிறது. அப்படிக் கைமாற்றிக் கொடுக்கக் கற்பிப்பதே ஆய்வு மாணவரைத் தொழிலுக்கு ஆயத்தம் செய்வதென்று நான் கருதுகிறேன். இதற்குச் சென்னையில் படித்த ஒருவரின் வாழ்க்கையே சான்று.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்து, உடலில் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து 1925இல் வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று அது வழங்குகிறது. யார் கையில் செய்தாலும் அதே எண் வருவதால்தான் அது நிலைத்தது. 1930இல் டாக்டர் பட்டம். ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். வேதியியலாரும் மருத்துவரும் நுண்ணுயிரியலாரும் அவர் கீழ் ஒன்றாகப் பணி செய்தனர். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தனர். அதன் உருவை ஒட்டிச் செய்த அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டு பாஸ்டன் மருத்துவர் ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சிலகாலம் தணித்துக் காட்டியது 1948இல். அதே ஆண்டு, ஐம்பத்து மூன்று வயதில் சுப்பாராவ் காலமானார்.

அந்தக் கூடத்திலிருந்து 1947இல் வெளிவந்த இன்னொரு மருந்து டைஎத்தில்கார்பமசின். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. யானைக்கால் மாத்திரை என்றால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலாவும். அதனால் இராத்திரியில் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போவார்கள் என்று என் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னையை விட்டு மனம் கசந்து போன ஒருவரின் மருந்து, கொசுக்கள் மலிந்த நம் கால்வாய்க் கரைக்கே திரும்பி வந்தது. அவருக்கு ஆலைப் பழக்கத்தை யாரும் கற்றுத் தரவில்லை, அவராகவே கற்றார் என்று வாதிடலாம். எல்லோரும் சுப்பாராவ் ஆகமுடியுமா? முடியாதவர்களுக்காகத்தானே கல்வி.

நம் நாட்டில் அத்தகைய கல்வி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் என்று ஒன்று உள்ளது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிலையமாக ஆக்கப்பட்டது. மருத்துவமனை ஒருபுறம்; மருத்துவக் கருவிகளை உருவாக்கும் தொழில்நுட்பப் பிரிவு மறுபுறம்; இரண்டும் ஒரே நிர்வாகம். இதை இப்படி அமைத்தவர் அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான். 2024இல் மறைந்தார்.

குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணோடு தொடங்கும் வாதக் காய்ச்சல், பின்னாளில் இதய வால்வைச் சிதைத்துவிடும். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளை நாடி வருகிற நோய் அது. வெளிநாட்டு வால்வின் விலையோ அவ்வீடுகளுக்கு எட்டாதது. ஆகவே இங்கேயே வால்வு செய்ய முனைந்தார்கள். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்று வைத்தால், நாள் ஒன்றுக்கு 1,00,800 முறையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம் முறையும் அது திறந்து மூடவேண்டும். ஒரு முறைகூட மறக்கக்கூடாது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்துகூடப் பார்த்துக் கைவிட்டார்கள். நான்காவது மாதிரியில் குரோமியம்–கோபால்ட் உலோகக் கலவையில் வளையமும் கெட்டியான பாலிஎத்திலீனில் தட்டும் அமைந்தன. எந்திரத்தில் ஓட்டி, ஆடுகளில் பொருத்திப் பார்த்த பிறகு 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதல் மனிதருக்குப் பொருத்தினர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்றது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அந்த வால்வு துடித்திருக்கிறது.

என்னைக் கவர்ந்தது வெற்றியைவிட அந்த மூன்று தோல்விகள்தாம். எது, எப்படி, எத்தனையாவது சுற்றில் உடைந்தது என்று எழுதி வைக்காமல் நான்காவது பிறந்திருக்குமா? இன்று நாம் எழுதுகிற ஆய்வேடுகளில் உடைந்த மாதிரிக்கு ஒரு பக்கம் உண்டா? அந்த நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து மருத்துவக் கருவிகளில் ஆய்வுப் பட்டம் தரும் திட்டம் ஒன்றை நடத்தி வந்திருக்கின்றன. பொறியியல் படித்தவர் அறுவை அரங்கின் வாசலில் நின்று, மருத்துவருக்கு என்ன தேவை என்று கேட்டு வந்து வேலை செய்கிற படிப்பு அது. இடங்கள் சிலவே. ஆனாலும் வழி இருக்கிறது என்று தெரிவதே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிது.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. “ஆலைக்கு ஆள் பிடித்துத் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லையம்மா. கேள்வி கேட்கக் கற்றுத் தருவதுதான் வேலை” என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையை எந்த ஆலையும் கேட்டு வாங்கவில்லை. இலாபம் தராத நோயை ஆலை ஆராயாது என்பதும் மெய். இருப்பினும் கைமாற்றிக் கொடுக்கத் தெரிவது ஆலைக்குச் செய்யும் ஊழியம் என்று நான் கருதவில்லை. அந்த மருந்தை விழுங்கப் போகிறவருக்குச் செய்யவேண்டிய கடமை அது.

2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்ததை நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். நம் மாநில மருந்து ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. இருக்கத்தக்க உச்ச அளவு 0.1 விழுக்காடு. இதே நச்சு 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்று, அதன் விளைவாக அங்கே 1938இல் புதுச் சட்டமே வந்தது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு அறிந்த நச்சு! அதைக் கண்டுபிடிக்கப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. வந்திறங்கிய மூலப்பொருளைப் பீப்பாய் பீப்பாயாகச் சோதித்து, எழுதி, ஐயம் இருந்தால் ‘நிறுத்து’ என்று சொல்லக்கூடிய ஒருவர் போதும். அந்த ஒருவரை எங்கே, யார் ஆயத்தம் செய்கிறார்கள்?

அரசு நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. கிண்டியில் 1948இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், 1907இல் தோன்றிய குன்னூர் பாஸ்டர் நிலையம், வடக்கே கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமமும் 2008 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. நல்ல உற்பத்தி நடைமுறைக்கு ஏற்ப அவை இல்லை என்பது காரணம். 2010இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. மூடியதே தவறு என்று வாதிடுவோர் உண்டு. குறையைச் சரிசெய்யப் பணமும் காலமும் தந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் நாட்டின் குழந்தைகளுக்கெல்லாம் ஊசி தந்த இடங்களிலேயே அறிவுக்கும் நடைமுறைக்கும் இடையே இத்தனை தூரம் விழுந்துவிட்டதே என்பதை மறைக்க முடியாது.

பிற நாடுகள் இத்தூரத்தை எப்படிக் கடக்கின்றன? டென்மார்க்கில் ஆய்வு மாணவர் ஒரே நேரத்தில் நிறுவனத்தின் ஊழியராகவும் பல்கலைக்கழக மாணவராகவும் மூன்று ஆண்டுகள் இருக்கும் முறை உண்டு. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிலையங்கள் 2013இல் ஒரு திட்டம் தொடங்கி, ஆசிரியப் பணி தவிர்ந்த பிற துறைகளையும் ஆய்வு மாணவர்களுக்கு அறிமுகம் செய்யப் பதினேழு கல்வி நிறுவனங்களுக்கு நிதி அளித்தன. நம் நாட்டிலும் பிரதமர் ஆய்வுதவித் திட்டம் என ஒன்று தொடங்கப்பட்டது. உதவித்தொகையில் அரசு பாதி, நிறுவனம் பாதி. இவையெல்லாம் பெரிய நிலையங்களின் கதை. அரசுக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மாணவருக்கு, செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் நான் கேட்கிறேன். பக்கம் எண்ணிட்ட, கிழிக்க முடியாத பதிவேடு வேண்டும். ஆய்வேட்டில் உள்ள முக்கியமான சோதனை ஒன்றை வேறொரு மாணவர், எழுதியதை மட்டும் படித்து, உதவியின்றிச் செய்து காட்டவேண்டும். அதன் விளைவு என்னவாயினும் ஆய்வேட்டில் அச்சாகவேண்டும். ஒரு கோடை விடுமுறையாவது ஆலையிலோ மருத்துவமனை ஆய்வகத்திலோ கழியவேண்டும். சட்டத்தையும் படிக்கவேண்டும். மருத்துவக் கருவிகளை 2017ஆம் ஆண்டு விதிகள் ஆபத்தின் அளவுப்படி ஏ முதல் டி வரை பிரித்திருக்கின்றன. இதய வால்வு டி. கட்டுரையை வெளியிட்ட பிறகு காப்புரிமை கேட்டால் புதுமை போய்விட்டது என்று பெரும்பாலும் கதவை மூடிவிடுவார்கள். அக்காளுக்கு இந்தச் செய்தியும் நேர்முகத் தேர்வில்தான் தெரிய வந்தது.

இனி என் நிலைமை. அடுத்த ஆண்டு பட்டம் முடிந்தால் ஏதாவது ஒரு மருந்தாலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளராகப் போய்விடலாம். எங்கள் சீனியர்கள் சிலர் போயிருக்கிறார்கள். தம்பி பத்தாம் வகுப்பு. அம்மா காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு இறால் உரிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். ஐஸ் தண்ணீரிலேயே இருந்து விரல் நுனிகள் வெளுத்துப்போயிருக்கும். எம்.எஸ்ஸி., அதன்பின் ஆய்வு என்று நான் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே: “அதுக்கு ஃபீஸு எவ்ளோம்மா?” தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வுதவி பெற்றால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் தருவார்கள் என்றேன். “படிக்கிறதுக்குக் காசு குடுப்பாங்களா? யாருடி உனக்குச் சொன்னது, ஏமாத்துறாங்க” என்றார் அம்மா. என்னைப்போல் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள் இந்த எண்களை வீட்டில் சொல்லுங்கள். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, கடுமையான தேர்வு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நான் எழுதப் போகிறேன். இடம் கிடைத்தால், சேருமுன் அந்த ஆய்வகத்தில் பழைய மாணவர்களின் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பேன். காட்டத் தயங்கும் இடத்தில் எனக்கு வேலையில்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ஒரே வண்டியில் கிண்டி. தூரம் ஒரு பொருட்டில்லை.

சென்ற பருவத்தில் ஒன்றைச் செய்து பார்த்தோம். அம்மா உரித்துத் தள்ளும் இறால் ஓடு கூடை கூடையாகக் குப்பைக்குத்தான் போகிறது. அந்த ஓட்டில் கைட்டின் இருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து, கரியமில வாயு குமிழியிடும். பிறகு காரத்தில் சூடாக்கினால் புரதம் போய்விடும். எஞ்சுவது கைட்டின். அதை அடர்ந்த காரத்தில் கொதிக்கவைத்தால் கைட்டோசான். நேர்மின் தன்மை உடைய கைட்டோசான், எதிர்மின் தன்மை கொண்ட சிவப்பணுக்களை இழுத்துப் பிடித்து இரத்தத்தை நிறுத்தும். ஆக்சியோஸ்டாட் என்ற பெயரில் நம் நாட்டு நிறுவனம் ஒன்று இதைக்கொண்டே காயத்துக்குக் கட்டு செய்து விற்கிறது.

துறைத் தலைவரின் இசைவோடு நாங்கள் மூவர், ஆளுக்குப் பத்து கிராம் உலர்ந்த ஓடு எடுத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே செய்முறைத் தாளைப் பார்த்துக் கைட்டின் எடுத்தோம். எனக்கு 2.1 கிராம். இரண்டாமவளுக்கு 1.6. மூன்றாமவளுக்கு 2.9. பெரிய எண்ணைக் கண்டு அவள் மகிழ்ந்தாள். குரூசிபிளில் இட்டு எரித்தபோது அவளுடையதில்தான் சாம்பல் மிகுதியாக மிஞ்சியது. சுண்ணாம்பு முழுதும் போகவில்லை. செய்முறைத் தாளில் ‘தேவையான அளவு அமிலத்தில் தேவையான நேரம் ஊறவைத்து நன்றாகக் கழுவவும்’ என்று இருந்தது. ஒருத்தி ஒரு மணி நேரம் என்று கொண்டாள், ஒருத்தி இரவு முழுதும் என்று கொண்டாள். தாளை யார் எந்தக் காலத்தில் எழுதினார்களோ, அவர் கைக்கு அது தெரிந்திருக்கும்; எங்கள் கைக்குத் தெரியவில்லை.

தாளைத் திருத்தி எழுதினோம். ஒரு கிராமுக்கு எத்தனை மில்லி அமிலம், அதன் செறிவு என்ன, எத்தனை மணி நேரம், அறை வெப்பநிலை எவ்வளவு, கழுவிய நீரில் பி.எச். தாள் 7 காட்டும்வரை எத்தனை முறை கழுவினோம் என்று எல்லாம் எண்ணாக. இரண்டாம் சுற்றில் எங்கள் மூவரின் அளவுகளும் 1.9க்கும் 2.1க்கும் இடையில் வந்தன. ஆய்வக உதவியாளர் அண்ணன், எடை போடும்போது பக்கத்தில் நின்று பார்த்து, மூன்று பக்கங்களிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நைனாவிடம் பதிவேட்டைக் காட்டினேன். கைட்டின் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஓர் எண்ணின்மேல் எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி, “இது யாரு?” என்றார். தோழி மறுநாள் கோடு கிழித்து ஒப்பமிட்டாள்.

பதிவேடு வேதியியல் ஆய்வகத்தில், அமில அலமாரிக்கு எதிரே உள்ள இரண்டாம் தட்டில் இருக்கிறது. முதலாண்டு மாணவர் யாரேனும், எங்களைக் கேட்காமல், எழுதியிருப்பதை மட்டும் படித்துச் செய்து பார்த்து, வந்த எடையை நான்காம் பக்கத்தில் எழுதவேண்டுகிறேன். ஓடு வேண்டுமானால் முதல் நாள் சொன்னால் போதும், அம்மா தருவார்.